பார்வதியின் தட்டில் இருந்த பதினேழு புத்தகங்கள்

1

போன மாதக் கடைசியில் எனக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். நான் வேலை பார்த்தது இங்கே இந்தியாவில், ஒரு பல்கலைக்கழக நூலகத்தில். கூட்டத்தை முன்மண்டபத்தில் வைக்கவில்லை. படிக்கிற பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்று பின்பக்கம், கிழிந்த புத்தகங்களைப் பைண்டிங்குக்கு அனுப்பச் சாக்கில் கட்டும் அறையில் வைத்தார்கள். ஒரு மாலை, ஒரு எவர்சில்வர் குடம், ஆளுக்கு இரண்டு பிஸ்கட். நாலு பேர் முன்னால் நிற்க எனக்கு எப்போதும் வெட்கம். சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினார்கள்.

புதிதாக வந்திருக்கும் நூலகர் பேசினார். "பாக்கியம்மா சிலோன்ல இருந்து வந்தவங்க. அஞ்சாம் வகுப்புதான் படிச்சிருக்காங்க. ஆனா இத்தனை வருசத்துல இவங்க பொறுப்புல இருந்த ரேக்குல ஒரு புத்தகம் காணாமப் போனதில்லை. படிச்ச நாமெல்லாம் இவங்ககிட்ட கத்துக்கணும்."

எல்லாரும் கை தட்டினார்கள். எழுத்தர் குமரேசன்தான் முதலில் தட்ட ஆரம்பித்தது, கடைசியில் நிறுத்தியதும் அவர்தான். நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதுளையிலிருந்து என் நாத்தனார் மகன் அனுப்பும் பத்திரிகையில், போனவர்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எழுதியவர்கள் எல்லாரும் சுகம் என்று எழுதியிருக்கிறார்கள். நானும் சுகம்தான். நான் எழுதுவது அதற்காக இல்லை. மடுல்சீமையில் முத்தையா என்று ஒருவர் இருக்கிறார். தன் தங்கை பார்வதி திருடி என்று நம்பிப் பதினோரு வருடமாக அவளுக்கு ஒரு கடிதம் போடாமல் இருக்கிறார். அவர் இதை வாசிக்க வேண்டும். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.

2

நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டம். பார்வதி மடுல்சீமை. அங்கே நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் எங்கள் பெயர் இந்தியாவுக்கு வந்தது. முத்தையாவின் பெயர் இலங்கைக்குப் போனது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு இரண்டு தேசம். பதுளைக் கச்சேரி ஆபீசில் மூன்று நாள் வரிசையில் நின்று கடவுச்சீட்டு வாங்கினோம். கோச்சி ரயிலில் தலைமன்னார், கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம். புறப்படும் முன் பதுளைக் கடைவீதியில் சாமான் வாங்கப் போனபோது நானா கடை முதலாளி, "போய்ச் சேந்து கடுதாசி போடுங்க, ஊரு எப்படின்னு" என்றார். அவருக்கும் நான் போடவில்லை. கடிதம் போடாதது எனக்குப் பழக்கமாகவே இருந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

முகாமில் இருந்து எங்களை இந்த ஊர்க் காலனிக்கு அனுப்பினார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு என்று ஒதுக்கிய இரண்டு தற்காலிக வேலை நூலகத்தில் இருந்தது. எனக்கு ஒன்று, பார்வதிக்கு ஒன்று. வேலையில் சேர்ந்த அன்றுதான் இரண்டு பேரும் ஊவா மாகாணத்துக்காரர்கள் என்று தெரிந்து கட்டிப்பிடித்து அழுதோம். இரண்டு வருடம் குறையில்லாமல் பார்த்தால் நிரந்தரம் என்றார்கள்.

நூலகம் என்றால் படிக்கிறவர்களுக்கு மேசையும் மின்விசிறியும்தான் தெரியும். அதன் வயிறு பின்னால் இருக்கிறது. புதுப் புத்தகம் வந்தால் பதிவேட்டில் எண் போட வேண்டும். முதல் பக்கத்தில் முத்திரை, அப்புறம் உள்ளே ஒரு குறித்த பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் இன்னொரு முத்திரை. முதல் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகிறவனுக்கு அந்தப் பக்கம் தெரியாது. முதுகில் எண் எழுதிய சீட்டு ஒட்ட வேண்டும். ஒரு புத்தகத்துக்கு ஒரு அட்டை எழுதி இழுப்பறையில் வைக்க வேண்டும். படித்துப் போட்டவை மாலையில் மலைபோல் குவிந்து கிடக்கும். அவற்றை எண் பார்த்து அதன் அதன் இடத்தில் வைப்பது எங்கள் வேலை. பூச்சி உருண்டை நாற்றம் சோற்றிலும் வரும்.

முதல் வாரம் நான் ரேக்கை அலுமாரி என்றேன், சிரித்தார்கள். "பெரட்டு எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டுவிட்டேன், காலையில் ஆள் கூட்டிப் பேர் பதிவதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பயத்தில் உதவி நூலகரைத் தொரை என்று கூப்பிட்டேன். குமரேசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உதவி நூலகர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. அதற்கப்புறம் நான் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

பார்வதி அப்படி இல்லை. "எங்க ஊருல அலுமாரிதான் சார். ஒங்க ஊரு ரேக்கு எங்க ஊருல கெழங்கு அடுக்குறது" என்று குமரேசன் முகத்துக்கு நேரே சொல்வாள்.

3

பார்வதிக்கு எழுத்துத் தெரியாது. தூசி தட்டவும் சுமக்கவும்தான் அவளை எடுத்தார்கள். ஆனால் ஆள் போதாமல் அவளையும் அடுக்கச் சொன்னார்கள். நான்தான் அவளுக்கு எண் சொல்லிக்கொடுத்தேன். பைண்டிங்குக்குப் போகும் புத்தகங்களிலிருந்து உரித்துக் குப்பையில் போடும் பழைய சீட்டுகளைப் பொறுக்கி அவளிடம் கொடுப்பேன். அதைச் சுருக்குப்பையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோய், சோறு வேகும்போது அடுப்படியில் பரப்பி வைத்து வரிசைப்படுத்துவாள். மூன்றே மாதத்தில் என்னைவிட வேகமாக அடுக்கினாள்.

"எழுத்து வேணாங்க்கா. இது தேயிலைச் செடியில நிரை பிடிக்கிற மாதிரிதானே. இவனுக்குப் பக்கத்துல இவன்" என்பாள்.

அவளுக்கு வந்த கடிதங்களை நான் வாசிப்பேன், அவள் சொல்வதை நான் எழுதுவேன். எல்லாம் அண்ணன் முத்தையாவிடமிருந்துதான். தன் மகனுக்கு அவள் மகள் தேவகியை எடுப்பதாகப் பேச்சு. மகனை இந்தியாவுக்கு அனுப்பப் பார்க்கிறேன், தங்கச்சி நிரந்தரமானதும் கல்யாணம் என்று எழுதியிருந்தார். அந்த வரியை மட்டும் மூன்று தரம் வாசிக்கச் சொல்வாள்.

அவளிடம் இருந்தது பொருளாதார ரேக். என்னிடம் இருந்தது அதற்கு அடுத்த ரேக், பழைய அரசாங்க அறிக்கைகள். என் பக்கம் யாரும் வரமாட்டார்கள். வைத்தது வைத்தபடி இருக்கும், தட்டு நிறைய. அவள் பக்கம் அப்படி இல்லை. ஒரு பெரிய பேராசிரியர் இருந்தார். அவருடைய ஆள் வந்து கை நிறைய அள்ளிக்கொண்டு போவான். சீட்டு எழுதமாட்டான். "ஐயா அப்புறம் கையெழுத்துப் போடுறாராம்" என்பான். பார்வதி குமரேசனிடம் போய்ச் சொன்னாள்.

"நீ போய்க் கேளேன், அவர்கிட்ட கையெழுத்து" என்றார் குமரேசன். "டிபார்ட்மெண்ட் ஹெட்டும்மா அவரு. ஒனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

அவள் வந்துவிட்டாள். தட்டுகளில் பல் விழுந்த மாதிரி இடைவெளி கூடிக்கொண்டே வந்தது.

4

இங்கே தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். இங்கே வளர்ந்த என் மகனுக்குத் தெரியாது, சொன்னால் நம்பவும் மாட்டான்.

என் முதல் பிள்ளை பிறந்து சரியாக உடம்பு தேறுமுன் மலைக்கு ஏறினேன். பால் கட்டிக் காய்ச்சல். கொழுந்து எடுக்கக் கை போகவில்லை. அன்றைக்கு நிறுவையில் குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலிதான் விழும். கணக்கப்பிள்ளை தண்ணீருக்கு என்று ஒரு கழிவு, கூடைக்கு என்று ஒரு கழிவு, அவர் வாய்க்கு வந்ததற்கு ஒரு கழிவு போடுகிற ஆள். நான் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் செடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பாலைப் பீய்ச்சிவிட்டு வந்தேன். திரும்பி வந்து தூக்கினால் கூடை கனக்கிறது.

தராசில் மாட்டிய கணக்கப்பிள்ளை, "என்ன பாக்கியம், இது புள்ள பெத்த கையா, மெசினா?" என்றார்.

நிரையில் நின்றவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. யார் அள்ளிப் போட்டார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. கேட்டால் போட்டவளுக்கும் கேடு, வாங்கினவளுக்கும் மானக்கேடு. அவள் திரும்பி நிற்கிற நேரம் பார்த்து இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பெயர் கூடக் கிடையாது. நானும் பிற்பாடு எத்தனையோ பேர் கூடையில் போட்டிருக்கிறேன்.

5

வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம் முடியப்போகும்போது, கோடை விடுமுறையில், நூலகத்தை மூடி இருப்புச் சரிபார்ப்பு வைத்தார்கள். பல வருடமாகச் செய்யவில்லை, தணிக்கையில் கேட்டுவிட்டார்கள் என்று பேச்சு. நாங்கள் இரண்டு பேரும் அப்படி ஒன்றை அதற்குமுன் பார்த்ததில்லை.

முதல் நாள் காலையில் குமரேசன் பென்சிலால் ஒவ்வொரு தட்டையும் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டு வந்தார். தட்டுக்கு இத்தனை என்று வாய்விட்டுச் சொன்னார். எத்தனை நாள் வேலை என்று கணக்குப் போட அவர் எண்ணினார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. என் ரேக்குக்கு வந்தவர், "சிலோன் அக்கா ரேக்கு ஃபுல்லு" என்றார். பார்வதியின் ரேக்கில் நின்றார்.

"என்னம்மா இது, தட்டுக்கு இருவத்தஞ்சு இருக்க வேண்டிய எடத்துல பதினாறு, பதினெட்டுன்னு நிக்குது? நாளைக்கு ஐயா வந்து பாப்பாரு. என்ன சொல்லப் போற?"

"ஒங்களுக்குத்தான் தெரியுமே சார், யாரு எடுத்துக்கிட்டுப் போனதுன்னு."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. திரும்பக் கப்பல் ஏத்திவிட்ருவாங்க, மூட்டையக் கட்டி வச்சுக்க" என்று சிரித்துக்கொண்டே போனார்.

பார்வதி பதிலுக்குச் சிரித்தாள். ஆனால் மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறக்கவில்லை. குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள். மற்றவர்கள் எல்லாரும் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்து உள்ளே போனேன். என் ரேக்கில் அடித்தட்டுகளிலிருந்து, அவள் ரேக்கில் உள்ள மாதிரியே சிவப்புத் துணி பைண்டிங் போட்டவையாகப் பார்த்து எடுத்தேன். பதினேழு. அவளுடைய தட்டுகளில் இடைவெளி பெரிதாகத் தெரிந்த இடங்களில் செருகி, தட்டிச் சமன் செய்தேன். என் தட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி விட்டேன், குறை தெரியவில்லை. ஐயா எண்ணிவிட்டுப் போனதும் மாலையில் திரும்ப எடுத்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். பயந்துகொண்டேதான் செய்தேன். ஆனாலும் வெகுநாளைக்கு அப்புறம் மனுசியாக ஒரு காரியம் செய்த மாதிரி இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது.

6

மறுநாள் உதவி நூலகர் ஸ்டூலில் உட்கார்ந்து அட்டை இழுப்பறையை மடியில் வைத்துக்கொண்டார். பார்வதியின் ரேக்கில்தான் ஆரம்பித்தார். அட்டையில் இருக்கும் எண்ணை அவர் வாசிக்க வேண்டும். அவள் அந்தப் புத்தகத்தைத் தேடித் தொட்டு, "இருக்குங்க" என்று சொல்ல வேண்டும். இல்லை என்றால் அந்த அட்டையை நிமிர்த்தி வைப்பார்.

மூன்றாவது அட்டையில்தான் எனக்கு விளங்கியது. தோட்டத்துத் தராசுக்கு எந்தச் செடியின் கொழுந்து என்று தெரியாது. இங்கே ஒவ்வொரு இலைக்கும் ஒரு அட்டை எழுதி வைத்திருந்தார்கள். அந்த அட்டைகளை இரண்டு வருடமாக நானே துடைத்திருக்கிறேன். அது எதற்கு என்று யோசித்ததில்லை.

நடுவில் பார்வதி நின்றாள். ஒரு சிவப்புப் புத்தகத்தைப் பாதி இழுத்தபடி அதன் முதுகைப் பார்த்தாள். அப்புறம் அடுத்த தட்டைப் பார்த்தாள். எண் மட்டும்தான் அவளுக்குத் தெரியும், ஆனால் அதை நன்றாகத் தெரியும்.

"என்னம்மா, ஏன் நிக்கிற?" என்று குமரேசன் எட்டிப்பார்த்தார். "ஐயா, இது இந்த ரேக்குப் புத்தகமே இல்லீங்க. அறிக்கை. பக்கத்து ரேக்கு."

ஒன்றொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார்கள். பதினேழு. அவளுடைய ரேக்கில் இல்லாதவை நாற்பத்திரண்டு.

உதவி நூலகர் பார்வதியிடம் குரலை உயர்த்தவே இல்லை. "நாப்பத்திரண்டை வெளிய விட்டுட்டு, எண்ணிக்கையைச் சரிக்கட்ட அந்தம்மா புத்தகத்தைக் கொண்டாந்து செருகியிருக்க. இல்லையா?"

"இல்லீங்க ஐயா. நான் வைக்கல. அந்தப் புத்தகம் பேராசிரியர் ஐயா வீட்டுக்குப் போனது. எழுத்தே தெரியாதவ நான், புத்தகத்த எடுத்து என்னங்க செய்வேன்?"

"எடைக்குப் போடுவ" என்றார் குமரேசன்.

"அக்காவக் கேளுங்க ஐயா. அக்காவுக்குத் தெரியும், நான் எப்படின்னு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பத்துப் பேர் இருப்பார்கள். உதவி நூலகர், "இது உன் ரேக்குப் புத்தகம். நீ கொண்டுபோய் வச்சியா?" என்று கேட்டார்.

இத்தனை வருடமும் நான் எனக்கே சொல்லிக்கொண்டது, வெட்கத்தில் வாய் வரவில்லை என்பது. அது பொய். வாய் வராவிட்டால் தலையைக் கீழ்மேலாக ஆட்டியிருக்கலாம். நான் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன். இல்லை என்று.

"சோதிச்சுப் பாருங்க" என்றார் அவர். அங்கே வேறு பெண் ஆள் இல்லை. என்னைத்தான் சோதிக்கச் சொன்னார்கள். பைண்டிங் அறைக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன், கதவுக்கு வெளியே குமரேசன் நின்றார். அவள் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் அவள் சேலை மடிப்பைத் தடவினேன், சோற்றுத் தூக்கைத் திறந்தேன், இடுப்பில் இருந்த சுருக்குப்பையை அவிழ்த்தேன். வெற்றிலை, பாக்கு, பத்துப் பன்னிரண்டு எண் சீட்டு.

"என்ன கெடச்சுது?" என்று வெளியிலிருந்து கேட்டார். நான் பையை அப்படியே நீட்டினேன்.

"பாருங்க ஐயா, லேபிளைப் பிச்சிருக்கா" என்று கத்திக்கொண்டே குமரேசன் ஓடினார்.

அந்தச் சீட்டுகளை அவளுக்குக் கொடுத்தது யார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று மத்தியானமே அவளை நிறுத்திவிட்டார்கள். அவளுடைய வெற்றிலைப் பையைத் திருப்பிக் கொடுக்க வாசலில் காவலாளி கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அடுத்த மாதம் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது.

7

காலனியில் இருந்து யாரோ மடுல்சீமைக்கு எழுதிவிட்டார்கள். முத்தையாவிடமிருந்து நீல நிறக் கடிதம் எனக்கு வந்தது. இப்போதும் பெட்டியில் இருக்கிறது. எழுத்து அழகாக இருக்கும்.

"நீங்கள் கூட இருந்தவர். என் தங்கச்சி திருடினாளா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் இல்லை என்றால் நான் நம்புகிறேன். வீட்டில் பொண்ணெடுக்கக் கூடாது என்று நிற்கிறார்கள்."

பதில் எழுத நானும் ஒரு கடிதத்தாள் வாங்கினேன். முகவரி எழுதினேன். உள்ளே 'இல்லை' என்று எழுதினால் பின்னே யார் என்று கேட்பார். 'ஆமாம்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதை நல்ல குணம் என்று அப்போது நினைத்தேன். நாலு மாதம் கழித்து அவர் மகனுக்கு அங்கேயே வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். நான் எழுதாததைத்தான் பதில் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தேவகி இரண்டாம் தாரமாகப் போனாள், அவள் அப்பன் வயதில் ஒருவனுக்கு. பார்வதி காலனியை விட்டுக் கல்குவாரிக்குப் போய்விட்டாள்.

என் மகன் முருகேசு பல்கலைக்கழக ஊழியர் மகன் என்ற சலுகையில் படித்து, இப்போது அங்கேயே தேர்வுப் பிரிவில் எழுத்தராக இருக்கிறான். வீட்டுக்கு அவன் சிநேகிதர்கள் வந்தால், "அம்மா, நீ உள்ள இரு. கொழுந்து, லயத்து வீடுன்னு எதையாச்சும் பேசிக்கிட்டிருக்காத" என்பான். பேரப்பிள்ளைகளுக்கு நான் பேசுவது நாடகத்தில் வருகிற பாஷை மாதிரி சிரிப்பாக இருக்கிறது.

8

சில வருடம் கழித்து அந்தப் பேராசிரியர் ஓய்வு பெற்று வேறு ஊருக்குப் போனார். வீட்டைக் காலி செய்தபோது இரண்டு சாக்கு மூட்டை நூலகப் பின்வாசலில் வந்து இறங்கியது. பிரித்து அடுக்கச் சொன்னார்கள். சிலதில் முதல் பக்கம் இல்லை. உள்ளே அந்த ரகசியப் பக்கத்தைப் புரட்டினால் எங்கள் முத்திரை. எண்ணினேன். அந்த நாற்பத்திரண்டில் முப்பத்தொன்பது அங்கே இருந்தன. ஒன்றில் பக்க அடையாளத்துக்கு ஒரு தலைமுடிக் கிளிப் வைத்திருந்தார்கள்.

குமரேசன் வந்து நின்றார். அவருக்கும் தெரிந்துவிட்டது.

"சார், பார்வதி..." என்றேன். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவளுடைய பெயரை அங்கே சொன்னேன்.

"அது முடிஞ்ச கதை. காணாதவைன்னு எழுதித் தள்ளுபடி பண்ணியாச்சு. இப்ப கெடச்சதுன்னு எழுதினா யாரு பதில் சொல்றது? நீங்க பதில் சொல்றீங்களா?" கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பதினேழு எப்படி அங்க போச்சுன்னு நான் இன்னைக்கு வரைக்கும் யாரையும் கேக்கல இல்லையா?" என்றார்.

அவர் எவ்வளவு நாளாகத் தெரிந்து வைத்திருந்தார் என்று தெரியவில்லை. புதுப் புத்தகம் என்று புதிதாக எண் போட்டு, புதிதாக அட்டை எழுதச் செய்தார். நான்தான் முதுகுச் சீட்டு ஒட்டினேன். பழைய எண் இருந்த இடத்தின்மேலேயே ஒட்டினேன்.

9

ஓய்வு கிடைத்த மறுவாரம் பார்வதியைப் பார்க்கப் புறப்பட்டேன். முருகேசுவுக்குக் காரணம் தெரிந்ததும் வாசலில் மறித்துக்கொண்டான்.

"இப்ப எதுக்கும்மா? நான் அங்கதான வேலை பாக்குறேன். நாளைக்கு என்னைப் பாத்து என்ன சொல்லுவாங்க?"

"அவளைப் பாத்துச் சொன்னாங்கல்ல."

"அவங்க போய் எத்தனை வருசமாச்சு. பழகியிருப்பாங்க."

நான் பெற்ற பிள்ளை. நான் பேசியிருந்தால் எப்படிப் பேசியிருப்பேனோ அப்படியே பேசினான். அவனை ஒதுக்கிவிட்டு நடந்தேன்.

குவாரி ஊருக்கு வெளியே இருக்கிறது. பார்வதி ஒரு தென்னங்கீற்றுத் தட்டிக்குக் கீழே உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணில் சில்லுப் பட்டுப் பார்வை இல்லை. என்னைவிட எட்டு வயது இளையவள். என் அக்கா மாதிரி இருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை.

"ரிட்டேரு ஆயிட்டியாமே" என்றாள்.

"ஆமா புள்ள. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு." சுத்தியலை நிறுத்தவில்லை.

சொன்னேன். அள்ளி வைத்ததிலிருந்து சாக்கு மூட்டை வரை எல்லாம். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கல் உடைந்துகொண்டே இருந்தது.

"தெரியும்" என்றாள்.

"எப்பருந்து?"

"அன்னைக்கே. ஒன் புத்தகம் என் தட்டுல நிக்கிதுன்னா எனக்குத் தெரியாதா? இந்த ஊர்க்காரனுக்கு அந்தப் புத்தி வருமா? அடுத்தவ கூடையில அள்ளிப் போடுற புத்தி நம்மாளுகளுக்குத்தானே."

"பின்ன ஏன் நீ சொல்லல?"

"மொதல்ல ஒன்னக் கும்புடணும்போல இருந்துச்சு. எனக்காகச் செஞ்சிருக்காளே, கூடப் பொறந்தவ செய்ய மாட்டாளேன்னு. இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவான்னுதான் ஒன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன்." ஒரு கல்லை எடுத்துப் புரட்டி வைத்தாள். "அப்புறம் ஒன் தல ஆடுச்சு. இடுப்புப் பையையும் நீதான் அவுத்த."

நான் அழுதேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

"பென்சன் உத்தரவு கைக்கு வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"எப்ப?"

"திங்கக்கெழம."

"இன்னைக்குப் புதன். அதான் வந்திருக்க."

அது உண்மை. உத்தரவு வரும்வரை காத்திருந்துதான் போனேன். அது எனக்கே அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"எங்கிட்ட வந்து சொல்லி என்ன பண்ண? எனக்குத்தான் தெரியுமே. எங்க அண்ணனுக்குத் தெரியாது. அங்க சனங்களுக்குத் தெரியாது. அங்க எழுது."

"இன்னைக்கே கடுதாசி போடுறேன் புள்ள."

"கடுதாசி வேணாம். கடுதாசின்னா அவரு மட்டும் படிச்சிட்டு அழுதுட்டு ஒளிச்சு வச்சிருவாரு. பொண்ணு வேணாமுன்ன வீட்டுக்காரங்களும் படிக்கணும். பேப்பர்ல எழுது. பேரப் போட்டு எழுது, என் பேரு, ஒன் பேரு ரெண்டையும்."

"எழுதறேன். பேப்பர் வந்ததும் கொண்டாந்து..."

"நீ வர வேணாம்" என்றாள்.

கொண்டுபோன வாழைப்பழச் சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் வைத்தேன். நான் சாலைக்கு வரும்போது திரும்பிப் பார்த்தேன். வேறு ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, எடுத்துக்கொண்டுபோ என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

10

முத்தையா அண்ணே,

உங்கள் தங்கை பார்வதி எந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லை. அந்த நாற்பத்திரண்டும் ஒரு பேராசிரியர் வீட்டுக்குப் போனவை. முப்பத்தொன்பதை நானே என் கையால் திரும்ப அடுக்கினேன். பதினேழு புத்தகத்தை அவளுடைய தட்டில் வைத்தது ஸ்பிரிங்வெளி பாக்கியமாகிய நான். அவளுக்கு உதவி என்று நினைத்து வைத்தேன். கேட்டபோது இல்லை என்றேன். அவள் இடுப்பில் இருந்த சீட்டுகள் நான் கொடுத்தவை. உங்கள் கடிதம் எனக்கு வந்தது. வாசித்தேன். வேண்டுமென்றே பதில் எழுதவில்லை.

கப்பலும் இப்போது ஓடுவதில்லை. நீங்கள் வந்து அவளைப் பார்க்க வழியில்லை என்று தெரியும். எழுதுங்கள். என் முகவரிக்கு வேண்டாம். குவாரிக்கே, அவள் பெயருக்கே எழுதுங்கள். அவளுக்கு இன்னமும் வாசிக்கத் தெரியாது. அங்கே யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுவாள். என்னைக் கூப்பிட மாட்டாள்.